பின்பாட்டு

நம்ம தமிழ்ல ஒருத்தனைக் கேவலமாப் பேசணும்னா நாலு வார்த்தை கைவசம் இருக்கு. ஜால்ரா அடிக்கிறான். ஒத்து ஊதுறான். தாளம் போடுறான். பின்பாட்டுப் பாடுறான். நாலுமே கச்சேரியில பக்கத்துல இருக்கிறவன் செய்யிற வேலை. முன்னாடி உக்காந்து பாடுறவனை வச்சு இப்படி ஒரு வசவும் கிடையாது. இந்தப் பேச்சை ஆரம்பிச்சவன் யாரோ, அவன் ஒருநாளும் நாலு பேரோட சேர்ந்து பாடியிருக்க மாட்டான்.

நான் பின்பாட்டுக்காரன். பதிமூணு வயசுல எங்க ஊர் மார்கழி பஜனையில ரெண்டாவது வரிசையில நின்னேன். இப்ப அம்பத்தஞ்சு முடியப்போகுது, இன்னும் அதே ரெண்டாவது வரிசைதான். மேளகர்த்தா தெரியாது, ராகம் பேர் சொல்லத் தெரியாது. சிப்ளாக்கட்டை மட்டும் தப்பாம அடிப்பேன். அந்தத் தகுதியில இந்தப் பதிவை எழுதுறேன்.

விஷயம் இதுதான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கோயில்ல கூட்டம் போட்டாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற எங்க ஊர்க்காரர் ஒருத்தர் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார். திருப்பாவை, திருவெம்பாவை, சுப்ரபாதம் எல்லாம் ஏத்தின பென் டிரைவ் அதுலயே செருகியிருக்கும். காலையில நாலரைக்குத் தானா பாட ஆரம்பிச்சு ஆறு மணிக்குத் தானா நின்னுடுமாம். "பஜனைக்கு ஆள் வர மாட்டேங்குது. வர்ற நாலு பேரும் இருமிக்கிட்டே பாடுறோம். இதுல எம்.எல்.வசந்தகுமாரியே பாடுவாங்க. சாமிக்கும் நல்லது, நமக்கும் நல்லது"ன்னு ஒருத்தர் சொன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தப்பறம்தான் தூக்கம் வரலை.

எம்.எல்.வசந்தகுமாரி பாடின திருப்பாவை எங்க வீட்டுலயும் கேசட்டா இருந்துச்சு. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார் மெட்டுப் போட்டது, முப்பது பாசுரமும். கேட்டா உருகிடுவோம், அதுல சந்தேகமே இல்லை. அந்தக் குரலும் என் குரலும் ஒண்ணான்னு கேட்டா நான் எங்க போய் நிப்பேன்? ஆனா நான் சொல்லவந்த விஷயம் வேற.

எட்டாவது படிக்கும்போது ஆண்டு விழாவுக்கு எல்லாப் பிள்ளைகளையும் வரிசையா நிக்கவச்சுப் பாடச் சொன்னாங்க. வாத்தியார் காதைச் சாய்ச்சுக்கிட்டே வரிசையில நடந்து வந்தார். என்கிட்ட வந்து நின்னார். "நீ வாயை மட்டும் அசை. சத்தம் வெளியில வரக்கூடாது"ன்னார். பக்கத்துப் பையன்கள் கொல்லுன்னு சிரிச்சாங்க. விழா அன்னிக்கு வாயை மட்டும் அசைச்சேன். முன் வரிசையில எங்க அம்மா உக்காந்து என் வாயையே பாத்துக்கிட்டிருந்தாங்க. வீட்டுக்கு வந்து "உன் குரல் தனியா கேட்டுச்சுடா"ன்னாங்க. அந்தப் பொய்யை என்னன்னு சொல்றது!

அந்த வருஷ மார்கழியிலதான் எங்க பெரியப்பா என்னை எழுப்பிக் கூட்டிட்டுப் போனார். அவர்தான் அப்ப பஜனைக்குத் தலைமை. ஆர்மோனியத்தைத் துண்டால கழுத்துல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு நடந்துக்கிட்டே வாசிப்பார். நான் வாத்தியார் சொன்ன கதையைச் சொன்னேன். "தனியா நின்னு பாடுறவனுக்குத்தான்டா குரல் வேணும். கூட்டத்துல பாடுறவனுக்குக் காது இருந்தாப் போதும். பக்கத்துல இருக்கிறவன் சத்தம் உன் சத்தத்தை விடப் பெரிசாக் கேக்கணும். கேக்கலைன்னா நீ கத்துறேன்னு அர்த்தம்"னார். நாப்பத்திரெண்டு வருஷத்துல எனக்குக் கிடைச்ச ஒரே சங்கீதப் பாடம் அதுதான்.

சேர்ந்து பாடுறதுல இன்னொரு சூட்சுமம் மூச்சு. நீங்க தனியாப் பாடினா மூச்சு வாங்குற இடத்துல பாட்டு அறுந்துடும். கூட்டத்துல பக்கத்து ஆள் வாங்குற இடத்துல நாம வாங்கக்கூடாது. அவன் விட்ட இடத்தை நாம தாங்கணும், நாம விடுற இடத்தை அவன் தாங்குவான். யாரும் சொல்லிக்குடுக்காமலே ஒரு வாரத்துல பழகிடும். வெளியில நின்னு கேக்கிறவங்களுக்குப் பாட்டு ஒரே இழையா வரும். நாதஸ்வரத்துல ஒத்து ஊதுறவர் இதை ஒத்தை ஆளாச் செய்வார். கன்னத்துல காத்தை அடக்கிவச்சு, மூக்கால இழுத்துக்கிட்டே வாயால விடுவார். சுருதி அறுபடவே அறுபடாது. அதைப் போய் வசவாக்கிட்டோம். இப்ப ஒத்து ஊதுற ஆளும் இல்லை, அந்த இடத்துல சுருதிப் பெட்டி உக்காந்துடுச்சு. அதனாலதான் பெட்டின்னு காதுல விழுந்தாலே எனக்கு வயித்தைக் கலக்குது.

கூட்டத்துல என்னோட பழைய சண்டை ஒண்ணும் திரும்ப வந்துச்சு. பஜனையில எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாதுன்னு. நான் கலந்து பாடணும்கிற கட்சி. திருப்பாவைக்கு அப்பறம் டி.எம்.எஸ். பாடின முருகன் பாட்டு வரட்டும், எங்க பக்கத்து ஊர்க்காரர் சீர்காழி கோவிந்தராஜன் பாட்டு வரட்டும், நாகூர் ஹனீபா பாட்டு ஒண்ணு வந்தாலும் என்ன குறைஞ்சிடும்கிறது என் கட்சி. எதிர்க்கட்சி, சம்பிரதாயம் கெட்டுப்போயிடும்னு சொல்லும்.

சம்பிரதாயத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம். கும்பகோணத்துப் பக்கம் மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள்தான் பஜனைக்கு இதுக்கப்பறம் இதுன்னு வரிசை போட்டுக் குடுத்தவர். அந்த வழியில வர்ற பாட்டு எதெல்லாம்? ஜெயதேவர் அஷ்டபதி இருக்கு, அது சமஸ்கிருதம், அவர் வடக்கே பிறந்தவர். நாராயண தீர்த்தர் தரங்கம் இருக்கு. பத்ராசல ராமதாசர் தெலுங்கு. புரந்தரதாசர் கன்னடம். அபங்கம் மராத்தி. கோபாலகிருஷ்ண பாரதி தமிழ். அந்தக் காலத்துல கேட்ட நல்ல பாட்டையெல்லாம் ஒரே சாக்குல அள்ளிப் போட்டுத்தான் சம்பிரதாயமே உண்டாச்சு. இன்னிக்கு நாம சாக்கு வாயைக் கட்டிட்டு அதுமேல ஏறி உக்காந்திருக்கோம்.

மாயவரத்துல முன்சீப்பா இருந்த வேதநாயகம் பிள்ளை, கிறிஸ்தவர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதினவர்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அவர் எழுதின கீர்த்தனைப் புத்தகத்துக்கு என்ன பேர் வச்சார் தெரியுமா? 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'. 1878லயே வந்த புத்தகம். எந்த மதத்துக்காரரும் அவங்கவங்க சாமியை நினைச்சுப் பாடிக்கலாம். இதே மாயவரத்து மண்ணுல அவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் சிநேகிதமாப் பழகியிருக்காங்க. நம்ம ஊர்ல புதுசா நான் எதையும் கேக்கலை.

என் தொண்டைக்குள்ள போன பாட்டுகளைக் கணக்கெடுத்தா பஜனைப் பாட்டு பாதிகூட வராது. முதல்ல போனது நடவுப் பாட்டு.

எங்களுக்கு ஏழு மா நிலம். நான் சின்னப் பையனா நாத்து முடியைத் தூக்கிப் போட்டுக்கிட்டு வரப்புல நிப்பேன். வயல்ல இருபது பொம்பளைங்க குனிஞ்சு பின்னாடி பின்னாடி நகர்ந்து நட்டுக்கிட்டு வருவாங்க. ஒரு அக்கா எடுத்துக் குடுப்பாங்க, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. பாட்டோட நடைக்குத் தக்கபடி கை போகும், காலும் பின்னுக்குப் போகும். எங்க அப்பா காப்பித் தண்ணி அனுப்ப லேட் பண்ணினா அவர் பேரையும் பாட்டுல செருகிடுவாங்க. கஞ்சப் பண்ணைன்னு இருபது குரலும் சேர்ந்து பாடும். அப்பா வெத்தலை வாங்க ஓடுவார். தனியா ஒருத்தி சொல்லியிருந்தா மறுநாள் வேலை இருந்திருக்காது. இருபது பேர் பாட்டாச் சொன்னா யாரைக் கோவிச்சுக்கிறது?

எடுத்துக் குடுக்கிற அந்த அக்காவுக்கு இப்ப எழுபது வயசு இருக்கும். தெற்குத் தெரு. எங்க வீட்டுல சின்னப் பிள்ளைங்ககூட அவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். நானும் கூப்பிட்டிருக்கேன். அக்கான்னு கூப்பிட ஆரம்பிச்சது ரொம்ப லேட்டு, கல்யாணத்துக்கப்பறம்.

இப்ப பாய் நாத்தங்கால் போட்டு எந்திரத்துல நடுறோம். நானும்தான். ஏழு மாவை வச்சுக்கிட்டு வேற வழி இல்லை, ஆளும் கிடைக்கலை. ஒருநாள் அக்காகிட்ட "பாட்டெல்லாம் போச்சேக்கா"ன்னு பெரிய ரசிகன் மாதிரி வருத்தப்பட்டேன். "உனக்கென்ன தம்பி, நீ வரப்புல நின்னு கேட்ட. இடுப்பொடிய நட்டவளுக்குத்தானே தெரியும். எந்திரம் வந்தது நல்லதுதான்"னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "பாட்டுக்குன்னு தனியா ஒரு இடம் வேணும். வயல் இல்லைன்னா வேற எங்கயாவது"ன்னு அவங்களே சொன்னாங்க.

அடுத்தது கேரல். எனக்குத் தரங்கம்பாடிப் பக்கம் ஒரு சிநேகிதர், உர வியாபாரத்துல பழக்கம். 1706ல சீகன்பால்கு கப்பல்ல வந்து இறங்கின கடற்கரை அது, கோயில்ல கூட்டுப் பாட்டு அங்க தலைமுறை தலைமுறையா ஓடுது. பத்துப் பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு டிசம்பர்ல அவர் வீட்டுக்குப் போனப்ப கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒத்திகை நடந்துச்சு. நானும் ஓரமா உக்காந்து முனகிக்கிட்டிருந்தேன். நடத்தினவர் திரும்பிப் பாத்து, "அண்ணே, நீங்க பேஸ்ல வந்து நில்லுங்க"ன்னார்.

நமக்கெல்லாம் சேர்ந்து பாடுறதுன்னா எல்லாரும் ஒரே மெட்டு. ஆம்பளைங்க கீழ, பிள்ளைங்க மேல, அவ்வளவுதான் வித்தியாசம். அங்க நாலு வரிசை. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ். வார்த்தை ஒண்ணு, நேரம் ஒண்ணு, மெட்டு மட்டும் நாலு பேருக்கும் வேற வேற. பேஸுக்குக் குடுத்த மெட்டைத் தனியாப் பாடினா மாடு கத்துற மாதிரி இருக்கு. இதையா பாடணும்னு நினைச்சேன். மத்த மூணும் மேல வந்து உக்காந்தப்ப உடம்பு சிலிர்த்துப் போச்சு. வீட்டுக்குத் தூண் போட்ட மாதிரி என் சத்தத்து மேல அந்தப் பிள்ளைங்க குரல் நிக்குது. வாயை மட்டும் அசைன்னு சொன்ன வாத்தியார் அந்த நேரம் ஞாபகத்துக்கு வந்தார். பாவம், அவருக்கு நாலு வரிசை தெரியாது போல.

அன்னையிலேருந்து டிசம்பர் மாசத்துல எனக்கு ரெண்டு வேலை. ராத்திரி பன்னெண்டு வரைக்கும் ஒருநாள் ரெண்டுநாள் அவங்களோட கேரல், பைக்கை எடுத்துக்கிட்டு வந்து படுத்து, நாலு மணிக்கு எழுந்து பஜனை. ஒரே பனி, ஒரே தொண்டை. ஒரு தடவை தூக்கக் கலக்கத்துல பஜனையில கேரல் இழுப்பு இழுத்துட்டேன். அண்ணன் திரும்பி ஒரு முறை முறைச்சார்.

சின்ன வயசுல திருச்சி வானொலியில சேர்ந்திசைன்னு போடுவாங்க. எம்.பி.சீனிவாசன்னு ஒருத்தர், 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை போட்டவர், பாரதியார் பாட்டையெல்லாம் நிறையப் பேர் சேர்ந்து பாடுற மாதிரி அமைச்சார். சென்னையில அதுக்குன்னே ஒரு குழு நடத்தினார். தொழில்ல பாட்டுக்காரங்களா இல்லாதவங்களையும் சேத்துப் பாட வைக்க முடியும்னு காட்டினவர். 1988ல செத்துப்போனார். அவர் பேரை இப்ப எத்தனை பேருக்குத் தெரியும்? ரேடியோவுல அந்தப் பாட்டு வரும்போது நானும் அப்பாவும் மாட்டுக்கொட்டாய்ல கூடவே பாடுவோம். அப்பா அசல் கர்ண கொடூரம்.

திருவையாத்துக்கும் ஒரு தடவை போயிருக்கேன். தை மாசம், தியாகராஜ ஆராதனை. பஞ்சரத்தினக் கீர்த்தனை அஞ்சும் எல்லாரும் சேர்ந்து பாடுறது. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. பக்கத்துல இருந்த ஒரு பெரியவர்தான் விரல் விட்டுச் சொன்னார். பெரிய பெரிய வித்வான்களும் முன்னாடி உக்காந்து, கூட்டத்தோட கூட்டமாப் பாடுறாங்க. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, காவிரிக்கரை மண்ணுல உக்காந்து ஆகாரத்துலயே கடைசி வரைக்கும் இழுத்தேன். யாரும் வாயை மூடுன்னு சொல்லலை. அங்க சமாதிக் கோயிலைத் தன் சொத்தைப் போட்டுக் கட்டினது பெங்களூர் நாகரத்தினம்மாள்னு அந்தப் பெரியவர் சொன்னார். கட்டினவங்களையே, பொம்பளைன்னு சொல்லி அங்க பாட விடாம இருந்திருக்காங்க. அவங்க விடலை, சண்டை போட்டுப் பாடியிருக்காங்க. பஸ்ல வரும்போது அதையேதான் நினைச்சுக்கிட்டு வந்தேன்.

ஏன்னா, எங்க பஜனையிலயும் பொம்பளைங்க கிடையாது. திருப்பாவை, திருவெம்பாவை ரெண்டும் என்ன பாட்டு? பொண்ணுங்க விடியக்காலையில ஒருத்தி வீட்டு வாசல்ல இன்னொருத்தி போய் நின்னு, எழுந்து வாடின்னு கூப்பிடுற பாட்டு. அதை மீசை வச்ச ஆம்பளைங்க பத்துப் பேர் தெருத்தெருவாப் பாடிட்டுப் போறோம். பொம்பளைங்க கோலத்தைப் போட்டு, பரங்கிப்பூவை வச்சுட்டு, கதவோரமா ஒதுங்கி நிக்கிறாங்க. என் வீட்டுக்காரி ஒருநாள் கேட்டா, "எழுந்திரு எழுந்திருன்னு கத்திட்டுப் போறீங்களே, நாங்க மூணரைக்கே எழுந்தாச்சு. நீங்க யாரை எழுப்புறீங்க?"ன்னு.

இதை விடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்கு. எங்க பஜனையில மார்கழி கடைசி வாரம் நந்தனார் சரித்திரத்துலேருந்து கொஞ்சம் பாடுவோம். பெரியப்பா காலத்து வழக்கம். கோபாலகிருஷ்ண பாரதி நொண்டிச் சிந்துலயெல்லாம் அமைச்சிருக்கார், நடந்துக்கிட்டே பாட அவ்வளவு தோதா இருக்கும். பெரியபுராணத்துல இல்லாத ஒரு வேதியரை அவர்தான் கதைக்குள்ள கொண்டுவந்தார். நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேக்கிறான், வேதியர் பயிர் வேலையை முடிச்சுட்டுப் போன்னு சொல்றார். நிலத்துல வேலை செய்யிறவனுக்கும் நிலம் வச்சிருக்கிறவனுக்கும் நடக்கிற பேச்சு. எங்களுக்குப் பழக்கமான பேச்சு. நந்தனாருக்காக நந்தி விலகின திருப்புன்கூர் எங்க மாவட்டத்துலதான் இருக்கு.

அந்தப் பாட்டைப் பாடிக்கிட்டே வருவோம். பிள்ளையார் கோயில் திருப்பம் வரும். இடது பக்கம் போனா தெற்குத் தெரு. வலது பக்கம் திரும்பிடுவோம். எனக்குத் தெரிஞ்சு ஒரு வருஷம்கூட இடது பக்கம் போனதில்லை. நாப்பது வருஷமாத் திரும்பின நான், ஏன் திரும்புறோம்னு ஒருநாள்கூடக் கேக்கலை. காலு தானா திரும்பும்.

போன வருஷம் கார்த்திகை ஆரம்பத்துல எங்க வயல்ல ரெண்டாங்களை. அக்கா களை எடுத்துக்கிட்டிருந்தாங்க. நான் நந்தனார் சிந்தை முனகிக்கிட்டு மடையைத் திருத்திக்கிட்டிருந்தேன். "தம்பி, இது எங்க கதைதானே?"ன்னாங்க. ஆமாக்கான்னேன். "தூரத்துல கேக்கும். பிள்ளையார் கோயில்கிட்ட வர்றப்ப நல்லாக் கேக்கும். அப்பறம் அப்படியே குறைஞ்சுபோயிடும்"னாங்க. வேற எதுவும் சொல்லலை. களையை உதறிக்கிட்டே நகர்ந்துட்டாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் பெரியப்பா மகன், எங்க அண்ணன், இப்ப அவர்தான் ஆர்மோனியம், அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்பறம், "போலாம். ஆனா திருப்பத்துல நான் திரும்பிப் பாக்க மாட்டேன். நீ முன்னாடி நடப்பியா?"ன்னார். பின்பாட்டுக்காரனைப் பாத்துக் கேக்கிற கேள்வியா இது! கை நடுங்குச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

மார்கழி இருபத்தஞ்சாம் நாள் போனோம். ஒன்பது பேர் கிளம்பினோம். திருப்பத்துல நான் இடது பக்கம் காலை வச்சதும் பின்னாடி ஜால்ரா சத்தம் ஒண்ணு நின்னுச்சு. இன்னொண்ணும் நின்னுச்சு. நாலு பேர் வலது பக்கமாப் போயிட்டாங்க. அஞ்சு பேர் உள்ள போனோம். பனியில ஒண்ணும் தெரியலை, அண்ணன் கையில டார்ச்சு. வாசல்ல எல்லாம் கோலம் போட்டிருந்தாங்க, அக்கா முன்கூட்டியே சொல்லி வச்சிருக்காங்க போல. என் சத்தம் அடைச்சுப் போச்சு. அஞ்சு பேர்ல ஒருத்தன் நின்னா கூட்டுப் பாட்டு காலாகிப் போகும், தெரியும்ல. நான் விட்ட இடத்துல ஒரு பொம்பளைக் குரல் எடுத்துச்சு. அக்கா. நாப்பது வருஷமாத் தூரத்துலேருந்து கேட்டே மொத்தத்தையும் மனப்பாடம் பண்ணி வச்சிருக்காங்க. அவங்க பின்னாடி இன்னும் அஞ்சாறு பேர், பிள்ளைங்க வேற. நடவுல இழுக்கிற மாதிரியே இழுத்துப் பாடினாங்க. பாரதியார் போட்ட மெட்டு இல்லை அது. இருக்கட்டும்.

எங்க கூடவே கோயில் வரைக்கும் வந்தாங்க. உள்ள யாரும் தடுக்கலை. அவங்களும் உள்ள வரலை, வெளியில நின்னே பாடி முடிச்சாங்க. வெண்பொங்கலை நான் வெளியில கொண்டுபோய்க் குடுத்தேன். இதுல எனக்குப் பெருமைப்பட ஒண்ணும் இல்லை. பாதி வேலைதான் நடந்திருக்கு.

இப்ப ஸ்பீக்கர் பாக்ஸுக்கு வர்றேன். ஆள் வரலைன்னு சொல்றாங்களே, போன வருஷம் மார்கழி இருபத்தஞ்சுலேருந்து முப்பது வரைக்கும் எங்களுக்கு ஆள் ஒன்பதுலேருந்து பதினாறு ஆச்சு. நாலு பேர் போயும் பதினாறு. அப்பறம் எதுக்குப் பெட்டி? நானாத்தான் நினைக்கிறேன், தப்பா இருந்தா மன்னிச்சுக்குங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க. பெட்டி கோயில்லயே உக்காந்திருக்கும். அது நடக்காது. பிள்ளையார் கோயில் திருப்பத்துக்கு அது வராது. இடதா வலதான்னு கேள்வியே வராது. பெட்டி வந்துட்டா யாரையும் வர வேண்டாம்னு வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை.

பணம் அனுப்புற சிங்கப்பூர்க்காரருக்கு இதெல்லாம் தெரியாது, அவர் பக்தியாத்தான் தர்றார். அவர்கிட்ட நானே போன்ல பேசினேன். "மாமா, அந்தக் காசுல நாலு ஜால்ரா, ஒரு டோலக், குளிருக்கு இருபது கம்பளி வாங்கித் தாங்க"ன்னு கேட்டேன். யோசிச்சுச் சொல்றேன்னார்.

பட்டணத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மார்கழின்னா உங்களுக்குச் சபா, கச்சேரி, கேன்டீன். நல்ல விஷயம்தான், கேக்கிறதும் ஒரு கலை. என் மருமகன் சென்னையில இருக்கான், ஒரு நாளைக்கு மூணு கச்சேரி கேக்கிறான். நீ கடைசியா எப்ப வாயைத் திறந்து நாலு பேரோட பாடினேன்னு கேட்டேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினப்பன்னு சொல்லிச் சிரிச்சான். ஒரு அடுக்குமாடியில இருநூறு வீடு இருக்காம். இருநூறு வீட்டுல நாலு பேஸ் குரல் கிடைக்காமலா போகும்? வாரத்துக்கு ஒருநாள் மொட்டை மாடியில பாயைப் போட்டு உக்காருங்க. குரல் தேர்வு மட்டும் வைக்காதீங்க. தெரிஞ்ச பாட்டெல்லாம் வரட்டும். தேவாரம் வரட்டும், இளையராஜா வரட்டும், வாட்ச்மேனுக்குத் தெரிஞ்ச போஜ்புரிப் பாட்டும் வரட்டும். அவரையும் உக்கார வைங்க.

எங்க ஊர்ல அடுத்த கூட்டம் கார்த்திகை கடைசி ஞாயித்துக்கிழமை. பெட்டி வேணுமா வேண்டாமான்னு அன்னிக்கு முடிவு. எத்தனை பேர் எந்தப் பக்கம்னு தெரியலை. முடிவு எப்படிப் போனாலும் மார்கழி முதல் நாள் நாலரைக்கு நாங்க பிள்ளையார் கோயில்கிட்ட நிக்கிறதுன்னு அண்ணன் சொல்லிட்டார். என் வீட்டுக்காரியும் இந்தத் தடவை வர்றா, கோலத்தை ராத்திரியே போட்டுடுறாளாம். நேத்து அக்கா வீட்டுத் திண்ணையில ஒத்திகை. அவங்க எடுத்துக் குடுத்தாங்க, நான் பின்பாட்டு. ரெண்டாவது பாட்டுல அவங்களுக்கு இருமல் வந்துடுச்சு. அதிமதுரம் வாங்கிக் குடுத்துட்டு வந்திருக்கேன். சம்பா இப்பத்தான் பூட்டை விட ஆரம்பிச்சிருக்கு, மழை வேற மிரட்டுது. வாய்க்காலைப் பாத்துட்டு வரணும்.